மூச்சுத்திணறலை எப்படி மதிப்பிடுவது: நோய்த்தணிப்புச் சிகிச்சையில் இருப்பவர்களுக்காக

புதிதாகச் சேரும் செவிலியர்கள் நோயாளியின் அறைக்குள் நுழைந்ததும் பையிலிருந்து, இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை எடுத்து அவர் விரலில் மாட்டிவிடுவார்கள். நான் பக்கத்தில் இருந்தால் அதைத் திரும்பப் பைக்குள் வைக்கச் சொல்வேன். கருவி மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, அது பத்து நிமிடம் கழித்து வரட்டும். முதலிலேயே மாட்டிவிட்டால் நோயாளி, மனைவி, மகன், செவிலியர் என்று எல்லோரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். 96 என்று வந்ததும் மகன், "நல்லாத்தானே இருக்கு" என்பார். மூச்சு முட்டிக்கொண்டிருக்கும் மனிதர் அதற்கப்புறம் வாயைத் திறக்க மாட்டார்.

புற்றுநோய், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இதயச் செயலிழப்பு, தசைகளைச் செயலிழக்க வைக்கும் நரம்பு நோய்கள் என எதுவாக இருந்தாலும் கடைசி மாதங்களில் மூச்சுத்திணறல் தலைகாட்டுவது சாதாரணம். வலியைக் கேட்டு எழுதுவது நமக்குப் பழகிவிட்டது. மூச்சுத்திணறலை மட்டும் பார்த்தாலே தெரிந்துவிடும் என்று இன்னும் நினைக்கிறோம். அமெரிக்கத் தொராசிக் சங்கம் 1999-இல் வெளியிட்டு 2012-இல் புதுப்பித்த அறிக்கை, அதை ஒருவர் தானே உணரும் மூச்சுச் சங்கடம் என்றுதான் வரையறுக்கிறது. மூளை இவ்வளவு காற்று வேண்டும் என்று கேட்கிறது, நுரையீரலாலும் தசைகளாலும் அந்த அளவுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. இந்த இடைவெளியைத்தான் அவர் திணறலாக உணர்கிறார். அதனால் ஆக்சிஜன் 97 இருக்கும்போதே ஒருவர் தவித்துப்போகலாம். பல வருடமாகக் குறைந்த ஆக்சிஜனிலேயே வாழ்ந்து பழகியவர் 86-ஐ வைத்துக்கொண்டு நிம்மதியாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கலாம். இரண்டு வகையினரையும் பார்த்திருக்கிறேன்.

வாசலிலிருந்து நாற்காலி வரை

வாசலில் நுழைந்து நாற்காலியில் உட்காரும் அந்தக் கொஞ்ச நேரத்திலேயே மதிப்பீட்டில் பாதி முடிந்துவிடும், கண்ணைத் திறந்து வைத்திருந்தால்.

அவர் எப்படி உட்கார்ந்திருக்கிறார்? முன்னால் சாய்ந்து, இரண்டு கையையும் முழங்காலிலோ மேசையிலோ ஊன்றியிருந்தால், தோள் தசைகளையும் மூச்சுக்குத் துணையாக இழுத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். கட்டிலில் எத்தனை தலையணை? கட்டில் விரிப்பு கலையாமல் இருந்து, நாற்காலியில் போர்வை கிடந்தால், ராத்திரித் தூக்கம் நாற்காலியில்தான். கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவில் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார்களா? அந்த ஸ்டூல் ஒன்றும் சும்மா வந்திருக்காது. அவ்வளவு தூரம் ஒரே மூச்சில் நடக்க முடியவில்லை என்று என்றைக்கோ யாரோ கொண்டுவந்து போட்டது அது.

அப்புறம் பேச்சு. "வாங்க, உட்காருங்க" என்பதை ஒரே மூச்சில் சொல்கிறாரா, நடுவில் நிறுத்தி மூச்சு இழுத்துச் சொல்கிறாரா? ஒரு மூச்சுக்கு எத்தனை வார்த்தை வருகிறது என்று மனதுக்குள் குறித்துக்கொள்ளுங்கள். முழு வாக்கியமா, நாலைந்து வார்த்தையா, ஒவ்வொரு வார்த்தையாகவா? அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட எளிதான அளவு கிடையாது. கேள்வி அவரைக் கேட்டால் பதில் மனைவியிடமிருந்து வருகிறதா என்பதையும் கவனியுங்கள். பேசினால் மூச்சு வாங்கும் என்பதால் அந்த வீட்டில் பேசும் பொறுப்பே கைமாறியிருக்கலாம்.

ஒருவேளை நீங்கள் போகும்போதே கடுமையாகத் திணறிக்கொண்டிருந்தால் கேள்விகளை மூட்டை கட்டி வைத்துவிடுங்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, முன்னால் ஒரு மேசையில் தலையணை போட்டுச் சாய்ந்துகொள்ளச் சொல்லுங்கள். சின்னக் கைவிசிறி இருந்தால் முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள், மூக்கும் கன்னமும் காற்றை உணர வேண்டும். முகத்தில் படும் காற்று அந்தப் பகுதி நரம்பு வழியாகத் திணறல் உணர்வைக் குறைக்கிறது. 2010-இல் வெளியான ஒரு சிறிய ஆய்விலும் முகத்துக்குப் பிடித்த விசிறி, காலுக்குப் பிடித்ததைவிடப் பலன் தந்தது. அந்த நேரத்தில் ஆம், இல்லை என்று தலையாட்டும்படியான கேள்வி மட்டும் போதும். மருத்துவர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்த அவசர மருந்து இருந்தால் கொடுங்கள். மற்றதெல்லாம் அடங்கியபிறகு.

என்ன கேட்பது, எப்படிக் கேட்பது

"மூச்சுத்திணறல் இருக்கா?" என்ற கேள்வியை நான் கேட்பதே இல்லை. பெரும்பாலும் "இல்லை" என்றுதான் பதில் வரும். பொய் சொல்வதற்காக அல்ல. மூச்சு வாங்கும் வேலைகளை எல்லாம் ஒவ்வொன்றாக விட்டுவிட்டவருக்கு உட்கார்ந்திருக்கும்போது உண்மையிலேயே தொந்தரவு இருக்காது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், நுரையீரல் புற்றுநோய். "எனக்கு மூச்சுத் தொந்தரவெல்லாம் இல்லம்மா" என்று கணீரென்று சொன்னார். முகம் பார்க்கும் கண்ணாடி கட்டில் பக்கத்துச் சுவரில், உட்கார்ந்தால் முகம் தெரியும் உயரத்தில் மாட்டியிருந்தது. ஆணி புதிது. ஷேவிங் அங்கேயேவா என்று கேட்டேன். அங்கேதான், அதுவும் பாதி முகம் முடித்து ஒரு ஓய்வு, அப்புறம் மறுபாதி. குளியல் நின்று ஈரத்துணியால் துடைத்துக்கொள்வது என்று ஆகி ரொம்ப நாள். பழைய மாணவர்களின் போனை எடுப்பதில்லை, பேச ஆரம்பித்தால் இருமல் வந்து மூச்சு அடைத்துக்கொள்கிறது. மாடியில் இருக்கும் புத்தக அறைக்குப் போவதில்லை. இத்தனையும் போனபிறகுதான் அவருக்குத் "தொந்தரவெல்லாம் இல்லை".

அதனால் என் முதல் கேள்வி: "முன்னே செஞ்சுக்கிட்டு இருந்ததுல இப்போ எதையெல்லாம் விட்டுட்டீங்க?" அடுத்தது: "குளிக்கும்போது, உடை மாற்றும்போது, பாத்ரூம் போய்வரும்போது மூச்சு எப்படி?" குனிந்து செருப்பு மாட்டுவது, தலைக்குமேல் கையைத் தூக்கிச் சட்டை போடுவது, மலம் கழிக்க முக்குவது, சாப்பிட்டவுடன் படுப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் பட்டியல் தானாக நீளும்.

உணர்வு எப்படி இருக்கிறது என்பதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள், நீங்கள் திருத்தாதீர்கள். "காத்து பத்தல, எவ்வளவு இழுத்தாலும் உள்ளே போகல" என்பது காற்றுப் பசி. மனிதரை மிகவும் பயமுறுத்தும் வகை இதுதான். "நெஞ்சை யாரோ இறுக்கிப் பிடிச்ச மாதிரி இருக்கு" என்றால் மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறதா, வீசிங் கேட்கிறதா என்று பாருங்கள். இதயத்தையும் மறக்காதீர்கள். "மூச்சு விடுறதே பெரிய வேலையா இருக்கு" என்பவருக்குத் தசை களைத்திருக்கலாம், அல்லது நெஞ்சிலோ வயிற்றிலோ நீர் சேர்ந்து விரியவிடாமல் தடுக்கலாம். வார்த்தையை மட்டும் வைத்துக் காரணத்தை முடிவுசெய்ய முடியாது. ஆனால் எங்கே முதலில் பார்ப்பது என்று அது காட்டிக்கொடுக்கும்.

எப்போதும் இருக்கிறதா, வந்துவந்து போகிறதா என்பதும் முக்கியம். திடீரென்று வந்து உச்சத்துக்குப் போய் அடங்கும் திணறல் தனி வகை. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் அடங்கிவிடும். வாயால் விழுங்கும் எந்த மருந்தும் வேலையைத் தொடங்குவதற்குள் அது முடிந்துபோகலாம் என்பதால், அவர்களுக்குச் சாய்ந்து உட்காரும் முறையும் விசிறியும் மூச்சை நீளமாக வெளியே விடும் பழக்கமும்தான் முதல் கைகொடுப்பு. ஆகவே கேளுங்கள்: எதனால் கிளம்புகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, பழைய நிலைக்குத் திரும்ப எத்தனை நிமிடம், அப்போது நீங்களாக என்ன செய்து பார்க்கிறீர்கள்? கடைசிக் கேள்விக்கு அருமையான பதில்கள் வரும். மாடிப்படியில் எத்தனையாவது படியில் நிற்க வேண்டும் என்று தானே கண்டுபிடித்து வைத்திருப்பவர்கள் உண்டு. அந்த வைத்தியத்தைக் கலைத்துவிடாதீர்கள்.

எண்ணுக்கு வருவோம்

கதை கேட்டாயிற்று. இப்போது அளவு வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வாரம் வருபவர் முன்னேற்றமா பின்னடைவா என்று சொல்ல முடியாது.

நான் பயன்படுத்துவது 0 முதல் 10 வரையிலான எண் அளவுகோல். "மூச்சுத்திணறலே இல்லைன்னா 0, நீங்க நினைச்சுப் பார்க்கிற அளவுக்கு மோசம்னா 10. இப்போ எவ்வளவு?" அப்புறம், "நேத்திலிருந்து இன்னைக்குள்ள ரொம்ப மோசமா இருந்தப்போ எவ்வளவு?" மூன்றாவதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்: "அது உங்களை எவ்வளவு தொந்தரவு பண்ணுது?" திணறலின் அளவும் அது தரும் வேதனையும் ஒன்றல்ல. அளவு 6 என்று சொல்லிவிட்டு, "பழகிடுச்சு, தொந்தரவு 2-தான்" என்பவரும் உண்டு. 3 என்று சொல்லிவிட்டுத் தொந்தரவு 9 என்பவரும் உண்டு. முதலில் கவனிக்கப்பட வேண்டியவர் இரண்டாமவர். அவருக்குள் பயம் ஏதோ உட்கார்ந்திருக்கிறது.

ஒரே ஒரு எண் குறைந்தாலும் கூடினாலும் அது நோயாளிக்கு உணரக்கூடிய மாற்றமாகத்தான் ஆய்வுகளில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. 7 இருந்தது 6 ஆனால் "பெரிசா ஒண்ணும் மாறல" என்று ஒதுக்க வேண்டாம். ஆனால் கேள்வியை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி கேட்டால்தான் இதெல்லாம் பொருந்தும். இன்றைக்கு "இப்போ எவ்வளவு", நாளைக்கு "பொதுவா எவ்வளவு" என்று கேட்டால் இரண்டு எண்ணும் வீண்.

எண் சொல்ல வராதவர்களிடம் இல்லை, கொஞ்சம், நடுத்தரம், கடுமை என்று நாலு வார்த்தை போதும். மூச்சுத்திணறலை அளக்கும் போர்க் (Borg) அளவுகோலிலும் எண்களுக்குப் பக்கத்தில் இப்படி வார்த்தைகள் இருக்கும். எட்மன்டன் அறிகுறி அளவீடு என்பது 1991-இல் வந்தது. மூச்சுத்திணறலோடு வலி, சோர்வு, குமட்டல், பதற்றம் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கும். உங்கள் குழுவில் அது ஏற்கெனவே நடைமுறையில் இருந்தால் தனியாக வேறொன்று தேட வேண்டாம். டிஸ்ப்னியா-12 என்று 12 வாக்கியங்கள் கொண்ட ஒன்றும் உண்டு, உடல் சார்ந்தவை 7, உணர்வு சார்ந்தவை 5. நேரமும் நோயாளிக்குத் தெம்பும் இருந்தால் நல்லது. பெரும்பாலும் இரண்டும் இருப்பதில்லை.

எந்த வேலையில் மூச்சு வாங்குகிறது என்பதை 0 முதல் 4 வரை தரம் பிரிக்கும் எம்.எம்.ஆர்.சி. அளவுகோலைப் பற்றி மட்டும் ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். நுரையீரல் மருத்துவர்களின் சீட்டில் எப்போதும் இருக்கும். 0 என்றால் கடும் உழைப்பில் மட்டும் மூச்சு வாங்கும், 3 என்றால் சமதளத்தில் 100 மீட்டர் போல நடந்ததும் நிற்க வேண்டும், 4 என்றால் வீட்டைவிட்டு வெளியே போக முடியாது அல்லது உடை மாற்றவே மூச்சு வாங்கும். நம்மிடம் வரும்போதே பாதிப் பேர் 4-இல் இருப்பார்கள். அதற்குமேல் அளவுகோலில் இடமில்லை. அவர் நிலை மோசமானாலும் 4, சிகிச்சையால் நன்றாகத் தேறினாலும் 4. நோய்த்தணிப்பில் மாற்றத்தைக் கவனிக்க அது உதவாது.

இப்போது உடம்பைப் பாருங்கள்

மூச்சு எண்ணிக்கையை முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குவது நாடிக்குச் சரி. மூச்சு மெலிந்தும் நின்றும் போகிறவர்களுக்குச் சரிவராது. "மூச்சை எண்ணப் போறேன்" என்று சொல்லாதீர்கள், சொன்னதுமே அது மாறிவிடும். மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பதுபோல் இருந்துகொண்டே கழுத்துக்குக் கீழே பாருங்கள். மூச்சை இழுக்கும்போது காறை எலும்பு மேலே தூக்குகிறதா? நெஞ்சின் இரண்டு பக்கமும் ஒரே அளவு விரிகிறதா? ஒரு பக்கம் அசையாமல் இருந்து, தட்டினால் மந்தமாகக் கல்லைத் தட்டியதுபோல் ஒலித்து, மூச்சு ஒலியும் குறைந்திருந்தால் அங்கே நீர் கோத்திருக்க வாய்ப்பு அதிகம்.

கால்களைப் போர்வை விலக்கிப் பாருங்கள். இரண்டும் வீங்கியிருந்தால் இதயம், புரதக் குறைவு என்று யோசிக்கலாம். ஒன்று மட்டும் வீங்கி வலித்து, திணறல் திடீரென்று கூடியிருந்தால் நுரையீரல் இரத்தக்குழாயில் இரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா என்ற சந்தேகம் வர வேண்டும். காலையில் முகமும் கழுத்தும் உப்பி, கழுத்து நரம்புகள் புடைத்து, குனிந்தால் தலை கனக்கிறது என்று சொன்னால், நெஞ்சுக்குள் பெரிய இரத்தநாளத்தை ஏதோ அழுத்துகிறது. இமையின் உட்பக்கம் வெளுத்திருக்கிறதா? இரத்தசோகையில் ஆக்ஸிமீட்டர் 98 காட்டிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் அது இருக்கிற சிவப்பணுக்களில் ஆக்சிஜன் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்றுதான் சொல்கிறது, சிவப்பணு எவ்வளவு இருக்கிறது என்று சொல்வதில்லை. வயிற்றையும் தொட்டுப் பாருங்கள். நீர் சேர்ந்த வயிறு, நுரையீரலுக்குக் கீழே இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானத்தை மேலே தள்ளும். பல நாள் மலச்சிக்கலும் திணறலை மோசமாக்கும் என்பது யாருக்கும் சட்டென்று தோன்றுவதில்லை.

மல்லாந்து படுத்தால் உடனே முட்டுகிறது என்றால் இதயச் செயலிழப்பு ஞாபகத்துக்கு வரும். மோட்டார் நியூரான் நோய் போன்றவற்றில் உதரவிதானம் பலவீனமானாலும் இதேதான் நடக்கும். அவர்களிடம் காலைத் தலைவலி, பகலில் தூங்கி விழுவது, இருமல் வலுவற்றிருப்பது ஆகியவற்றைக் கேளுங்கள். படுத்திருக்கும்போது மூச்சை இழுக்கையில் வயிறு மேலே எழாமல் உள்ளே போகிறதா என்றும் பாருங்கள்.

சரி, இப்போது ஆக்ஸிமீட்டரை எடுக்கலாம். விரல் சூடாக இருக்க வேண்டும், நகப்பூச்சு இருக்கக்கூடாது, எண் நிலைத்து நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது ஒருமுறை, முடிகிறவராக இருந்தால் கழிவறைவரை நடந்து வந்ததும் ஒருமுறை. கறுத்த தோலில் இக்கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழ் 2020-இல் இதை வெளியிட்டபிறகு பரவலாகப் பேசப்பட்டது. எல்லையில் நிற்கும் எண்ணை நம்பி நிம்மதியடைய வேண்டாம்.

இந்த அளவு எதற்குத் தேவை? ஆக்சிஜன் கொடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கத்தான். 2010-இல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வில், இரத்த ஆக்சிஜன் பெரிதாகக் குறையாத, ஆனால் திணறலில் இருந்த நோயாளிகளில் ஒரு பாதிக்கு மூக்குக் குழாய் வழியே ஆக்சிஜனும் மறு பாதிக்குச் சாதாரணக் காற்றும் கொடுத்தார்கள். திணறல் குறைந்ததில் இரு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே 95 இருக்கும் வீட்டில் சிலிண்டர் வாங்கி வைக்கச் சொல்லுமுன் யோசியுங்கள். கரியமில வாயு தேங்கும் அபாயம் உள்ள நுரையீரல் நோயாளிகளுக்கு ஆக்சிஜன் கொடுத்தாலும் 88 முதல் 92 வரை போதும். அவர்கள் வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தால், நீட்டிய கை படபடவென்று ஆடினால், ஆக்சிஜனைக் கூட்டும் குமிழிலிருந்து கையை எடுத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

எவ்வளவு தூரம் காரணம் தேடுவது

எவ்வளவு வேகமாக வந்தது என்பதை வைத்து நான் பிரித்துக்கொள்வேன். சில நிமிடங்களில், சில மணிகளில் வந்தது என்றால் இரத்தக்கட்டி, நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்தது, சளி அல்லது உணவு மூச்சுக்குழாயில் அடைத்தது, இதயத்துடிப்புக் குளறுபடி, கடும் பீதி. சில நாட்களில் என்றால் தொற்று, நீர் கோப்பு, இதயம் சமாளிக்க முடியாமல் போவது. வாரக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறியது என்றால் இரத்தசோகை, கட்டி வளர்வது, தசை கரைவது. மூச்சை உள்ளிழுக்கும்போது கரகரவென்று ஓசை வந்தால் மேல் மூச்சுக்குழாய் அடைபடுகிறது. இருமலில் இரத்தம், மேலே சொன்ன முக வீக்கம், திடீர் நெஞ்சுவலி ஆகியவற்றோடு இதுவும் அன்றைக்கே மருத்துவரின் காதுக்குப் போக வேண்டியது.

மற்றவற்றில் ஒரு பரிசோதனைக்கு அனுப்புமுன் நான் கேட்பது: முடிவு தெரிந்தால் நாம் ஏதாவது செய்யப் போகிறோமா, அதை அவர் விரும்புகிறாரா? நடமாடிக்கொண்டிருக்கும் ஒருவரின் நெஞ்சில் நீர் கோத்திருந்தால் எக்ஸ்ரேயும் வடிப்பதும் அவருக்கு நல்ல வாரங்களைத் திருப்பித் தரலாம், அலைச்சலுக்கு ஈடு உண்டு. நாட்களை எண்ணிக்கொண்டிருப்பவரை அதே எக்ஸ்ரேக்காக ஆம்புலன்சில் ஏற்றி இறக்குவது எனக்கு உடன்பாடில்லை. அவர் சம்மதமே இல்லாமல் "எதுக்கும் பார்த்துடலாம்" என்று குடும்பம் சொல்லும்போது அந்தக் கேள்வியை உரக்கவே கேட்டுவிடுவேன்.

பயத்தைக் கேட்காமல் மதிப்பீடு முடியாது

கேம்பிரிட்ஜில் மூச்சுத்திணறலுக்கென்றே இயங்கும் சேவைக் குழு ஒன்று மூன்று சுழல்களை வைத்து விளக்குகிறது: மூச்சு, எண்ணம், செயல். திணறல் வந்ததும் மூச்சு வேகமாகவும் மேலோட்டமாகவும் ஆகிறது, அதனாலேயே திணறல் கூடுகிறது. பயம் வருகிறது, பயம் திணறலைக் கூட்டுகிறது. நடப்பதை நிறுத்துகிறார், தசை கரைகிறது, அடுத்த முறை நாலு அடிக்கே வாங்குகிறது. இந்த நோயாளியிடம் எந்தச் சுழல் ஓங்கியிருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் போதும், யார் உதவி வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

நடுச் சுழலுக்கு என் கேள்வி: "மூச்சு வாங்குறப்போ மனசுல என்ன ஓடுது?" கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். அவசரப்பட்டு நீங்களே பதிலை எடுத்துக் கொடுக்காதீர்கள். ஒரு அம்மா ரொம்ப நேரம் கழித்துச் சொன்னார், "தூங்கினா மூச்சு விட மறந்துருவேனோன்னு இருக்கு, அதான் முழிச்சுக்கிட்டே இருக்கேன்." அவருக்கு எட்டு என்று எழுதியிருந்த திணறலில் பாதி தூக்கமின்மை. தூங்கும்போதும் மூச்சைப் பார்த்துக்கொள்வது மூளையின் தனி வேலை, அதை நாம் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. "அப்படியே மூச்சு முட்டியே போயிருவேனா?" என்பது இன்னொரு கேள்வி. நிறையப் பேர் மனதில் இருக்கும், வாய்விட்டுக் கேட்பவர் குறைவு. கேட்டால் பேச்சை மாற்றாதீர்கள். ஒவ்வொரு முறையும் அடங்கியிருக்கிறது என்பதையும், கடைசி நேரத்தில் திணறல் வந்தால் தணிக்க மருந்து உண்டு, அது வீட்டில் எங்கே இருக்கும், யார் கொடுப்பார் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள்.

கவனித்துக்கொள்பவரைத் தனியாகப் பார்த்துப் பேசுங்கள், வழியனுப்ப வாசலுக்கு வரும்போது நல்ல நேரம். "ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் எண் நோயாளி சொல்வதைவிடப் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். யார் சொல்வது சரி என்று தீர்ப்பு சொல்ல வேண்டாம், இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். மனைவி 9, கணவர் 4 என்றால் அந்த 9 மனைவியின் வேதனை. அதற்கும் வைத்தியம் தேவை.

சொல்ல முடியாதவர்களுக்கு

மயக்கத்திலோ கடும் மறதி நோயிலோ இருப்பவரிடம் எண் கேட்க முடியாது. அவர்களுக்காக அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் மார்கரெட் கேம்பல் உருவாக்கியது ஆர்.டி.ஓ.எஸ். என்னும் மூச்சு அவதி கவனிப்பு அளவுகோல். எட்டு விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 2, மொத்தம் 16. இதயத்துடிப்பு 90-ஐத் தொட்டால் 1, 110-ஐத் தொட்டால் 2. மூச்சு எண்ணிக்கை 19 முதல் 30 வரை 1, அதற்குமேல் 2. அமைதியின்மை எப்போதாவது என்றால் 1, அடிக்கடி என்றால் 2. காறை எலும்பு லேசாகத் தூக்கினால் 1, நன்றாகத் தூக்கினால் 2. மற்ற நாலுக்கும் இருந்தால் 2, இல்லாவிட்டால் 0: மூச்சை இழுக்கும்போது வயிறு உள்ளே போவது, மூச்சை விடும் கடைசியில் முனகல், மூக்கு விடைப்பது, முகத்தில் பீதி. 3 அல்லது அதற்குமேல் வந்தால் அவதி இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு செயல்படுங்கள். பெரியவர்களுக்கு மட்டும்தான் இது. கை, கால், முகத் தசைகள் செயலிழந்தவர்களிடம் இந்த அடையாளங்கள் தெரியாது என்பதால் அவர்களுக்குப் பொருந்தாது. வாய் திறந்து சொல்ல முடிகிறவருக்கு இதைப் போடவே கூடாது.

கடைசி நாட்களில் இரண்டு விஷயம் குடும்பத்தைக் கலங்கடிக்கும். மூச்சு ஆழமாகி, மேலோட்டமாகி, சில விநாடி நின்று மறுபடி தொடங்குவது ஒன்று. தொண்டையில் எச்சில் தேங்கிக் கரகரப்பது மற்றொன்று. முகம் தளர்ந்து, நெற்றி சுருங்காமல், கைகள் அசையாமல் இருந்தால் அவர் பெரும்பாலும் அதை உணர்வதில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு, பக்கத்தில் நிற்பவர்களிடம் இதைப் பொறுமையாக விளக்குங்கள், ஒருமுறைக்கு இரண்டுமுறை.

எழுதுவதும் திரும்பப் பார்ப்பதும்

"மூச்சுத்திணறல் +" என்று கோப்பில் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடுத்து வருபவர் அதை வைத்து என்ன செய்வார்? நான் எழுதுவது இப்படி இருக்கும்: "இப்போது 4, நேற்றின் மோசம் 8, தொந்தரவு 7. காத்து பத்தல என்கிறார். ஒரு மூச்சுக்கு ஐந்து வார்த்தை. கழிவறைக்குப் போய்வந்தால் ஆறு நிமிடம் ஆகிறது அடங்க. குளியல், போன் விட்டாயிற்று. ராத்திரி நாற்காலியில். வலது கீழ்ப்பக்கம் மந்தம், இரண்டு வாரமாகக் கூடியது. மூச்சு 26, ஆக்சிஜன் 94, நடந்தபின் 90. தூங்கப் பயம். அவர் விரும்புவது: வாசல் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார." கடைசி வரிதான் இலக்கு. எண் 4-லிருந்து 3 ஆனதா என்பதோடு, திண்ணைக்குப் போனாரா என்றும் அடுத்த முறை பார்ப்பேன்.

எதைச் செய்தாலும் அதற்குரிய நேரத்தில் அதே கேள்வியைத் திரும்பக் கேட்க வேண்டும். விசிறிக்கும் சாய்ந்து உட்காருவதற்கும் ஐந்து, பத்து நிமிடம். திணறலைத் தணிக்க மருத்துவர் எழுதிய, வாயால் கொடுக்கும் சாதாரண மார்ஃபினுக்கு ஒரு மணி நேரம், அப்போது மூச்சு எண்ணிக்கையோடு தூக்கக் கலக்கத்தையும் பாருங்கள். நீர் வடித்தால் அன்று மாலையும் அடுத்த வாரமும்.

ராத்திரியில் போன் வந்தால் முதலில், "அவர்கிட்ட போனைக் குடுங்க" என்று சொல்லுங்கள். அவர் பெயரையும் இன்றைக்கு என்ன சாப்பிட்டார் என்பதையும் கேளுங்கள், ஒரு மூச்சுக்கு எத்தனை வார்த்தை என்று காதாலேயே எண்ணலாம். பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்ந்திருக்கிறது, திடீரென்று தொடங்கியது, இழுக்கும்போது கரகரக்கிறது என்றால் ஏற்கெனவே பேசி வைத்த திட்டம் எதுவோ, வீட்டு மருந்தா மருத்துவமனையா, அது உடனே நடக்க வேண்டும். இப்படி எதுவும் இல்லாமல் வழக்கமான திணறல்தான் என்றால் நிமிர்த்தி உட்கார வைக்கச் சொல்லி, விசிறியைப் பிடிக்கச் சொல்லி, போனை வைக்காமல் பத்து நிமிடம் கூட இருங்கள். காலையில் முதல் வீடாக அவரைப் போய்ப் பாருங்கள்.